மிறை

கரும்பலகையில் ஆசிரியர் முதலில் கவிதையை எழுதவில்லை. நுனியோடு நுனி முட்டிக்கொண்டு படுத்திருக்கும் இரண்டு முக்கோணங்களைச் சாக்குக்கட்டியால் வரைந்தார். அதன் கீழே அதேபோல் இன்னும் இரண்டு. "என்ன தெரியுது?" என்றார். வண்ணத்துப்பூச்சி என்றான் ஒருவன். பாப்பா தலையில் கட்டுகிற ரிப்பன் என்றாள் ஒருத்தி. சிறகு என்ற சொல் வருகிறவரைக்கும் பொறுத்திருந்து, வந்ததும் ஜார்ஜ் ஹெர்பர்ட் என்ற பெயரையும் 'ஈஸ்டர் சிறகுகள்' என்ற தலைப்பையும் எழுதினார். கவிதை சிறகைப் பற்றியது, கவிதையே சிறகு மாதிரி இருக்கிறது, புரிந்ததா? புரிந்தது. எல்லாருக்கும் புரிந்தது. முதுகலை வகுப்பில் அந்த ஆண்டு படித்தவற்றில் ஐந்து நிமிடத்தில் முடிந்த கவிதை அது ஒன்றுதான். பரீட்சையில் கேட்டபோது படம் போட்டே பாதி மதிப்பெண் வாங்கினேன். அதன்பிறகு முப்பது வருடம் ஓடிவிட்டது. மண்டையை உடைத்துக்கொண்டு படித்த கவிதைகள் பலவும் போன இடம் தெரியவில்லை. புரிந்துவிட்ட இது மட்டும் செருப்புக்குள் போன மணல் மாதிரி நடக்கும்போதெல்லாம் உறுத்துகிறது. வாசிப்பதற்கு முன்பே புரிந்துவிட்டதுதான் கோளாறோ என்று இப்போது தோன்றுகிறது. கண் முந்திக்கொண்டு ஓடிப்போய் 'தெரியும், தெரியும்' என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு வந்து சேர்ந்த சொற்களை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

கணக்கு எளிது. இரண்டு பத்தி, பத்திக்குப் பத்து வரி. முதல் வரியில் ஐந்து சீர், பிறகு நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று. மறுபடி ஒன்றில் தொடங்கி ஐந்து. (அந்த ஆங்கிலச் சீரை நம் ஈரசைச்சீரோடு சேர்த்துப் பார்க்கலாம். முழுக்கப் பொருந்தாது, பேச்சுக்குப் போதும்.) முதல் பத்தியில் மனிதகுலம் வருகிறது. நிறைந்த செல்வத்தோடு படைக்கப்பட்டு, தன் மடமையால் ஒவ்வொன்றாகத் தொலைத்து, வறுமையின் அடிமட்டத்துக்கு வந்து நிற்கிறது; அங்கிருந்து வானம்பாடியைப் போல மேலே போக வேண்டுகிறது. இரண்டாம் பத்தியில் அதே கதை ஓர் ஆளின் உடம்புக்குள் நடக்கிறது. துயரத்தில் தொடங்கிய இளம்பருவம், நோய், வெட்கம், மெலிவு. வரி ஒற்றைச் சீராகக் குறுகுகிற இடத்தில் முதல் பத்தியில் வறுமையும் இரண்டாவதில் மெலிவும் சரியாக வந்து உட்காருகின்றன. நம் யாப்பில் இரண்டு சீர் வந்தால் குறளடி, மூன்று வந்தால் சிந்தடி, நான்கு அளவடி, ஐந்து நெடிலடி. ஒரு சீருக்கு அடி என்ற பெயரே கிடையாது. சீரும் சீரும் சேர்ந்தால்தான் தளை, தளைபட்டால்தான் அடி. தனித்து நிற்பதைத் தனிச்சொல் என்போம், கூன் என்போம்; அடிக்கணக்கில் சேர்க்கமாட்டோம். ஆக ஹெர்பர்ட் நெடிலடியில் தொடங்கி, அளவடி, சிந்தடி, குறளடி என்று ஒவ்வொரு படியாக இறங்கி, படிகள் தீர்ந்தபின்னும் இன்னொரு படி இறங்குகிறார். கடைசியில் அவர் நிற்கும் இடம் நம் இலக்கணத்தில் அடியே இல்லை. இது எனக்குத் தோன்றிய நாளில்தான் கரும்பலகை முக்கோணத்தை முதன்முதலாக மறந்தேன்.

முக்கோணத்துக்கும் ஒரு வரலாறு உண்டு, அதில் ஹெர்பர்ட்டின் கை எவ்வளவு என்பது அவ்வளவு தெளிவில்லை. அவர் 1633 மார்ச்சில், நாற்பது வயது நிரம்ப ஒரு மாதம் இருக்கையில், சாலிஸ்பரிக்குப் பக்கத்தில் பெமர்டன் என்ற சிற்றூரின் குருவாக இறந்தார். காசநோய் என்பார்கள். ஒருகாலத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வப் பேச்சாளர், பாராளுமன்றத்திலும் உட்கார்ந்திருக்கிறார். சாகும் தறுவாயில் கவிதைக் கையெழுத்துப்படியை நண்பர் நிக்கோலஸ் ஃபெராருக்கு அனுப்பி, மனமுடைந்த யாருக்காவது உதவும் என்று பட்டால் அச்சிடட்டும், இல்லையென்றால் எரித்துவிடட்டும் என்று சொல்லிவிட்டதாக 1670இல் ஐசக் வால்ட்டன் எழுதிவைத்தார். 'ஆலயம்' என்ற அந்தத் தொகுப்பு அதே 1633இல் கேம்பிரிட்ஜில் அச்சாயிற்று. ஆசிரியர் அதைப் பார்க்கவில்லை. அதில்தான் 'ஈஸ்டர் சிறகுகள்' எதிரெதிர்ப் பக்கங்களில், வரிகள் செங்குத்தாக நிற்க, இரண்டு சோடிச் சிறகாக விரிந்திருக்கிறது. இரண்டு பக்கத்திலும் தலைப்பு இருப்பதால் இது ஒரு கவிதையா, இரண்டா என்ற வழக்கு பதிப்பாசிரியர்களிடம் இன்னும் தீரவில்லை. இன்று மிஞ்சியிருக்கும் இரண்டு கையெழுத்துப் படிகளிலும் வரிகள் நாம் எல்லாரும் எழுதுவதுபோல் கிடையாகத்தான் போகின்றன. அப்படிப் பார்த்தால் அது சிறகாகத் தெரிவதில்லை. இடுப்பு ஒடுங்கிய மணல் கடிகாரமாகத் தெரிகிறது. முதல் பதிப்பை மடியில் நேராக வைத்தால் சிறகைப் பார்க்கலாம், வாசிக்க முடியாது. வாசிக்கப் புத்தகத்தைத் திருப்பினால் சிறகு போய்விடும். பறவையும் சொல்லும் ஒரே நேரத்தில் கைக்குள் வருவதில்லை. இதை அச்சுக்கூடத்தில் யாரோ செய்த முடிவு என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் நான் அந்தப் பக்கத்தின் நகலை மேசையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்த ஒரு பிற்பகலில், கரும்பலகைப் படத்துக்கு நான் ஏன் வாசிக்காமலே மதிப்பெண் வாங்க முடிந்தது என்பது விளங்கிற்று.

கண்ணை மூடிக்கொண்டு வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். முதல் வரிக்கு நெஞ்சு நிறைய மூச்சு வேண்டியிருக்கிறது. அடுத்ததற்கு அதைவிடக் குறைவு. நடுவில் வரும் ஒற்றைச் சீருக்கு மூச்சே வேண்டாம், உதட்டோரத்தில் மிச்சமிருப்பது போதும். பிறகு வரிகள் நீள நீள மூச்சை இழுத்தாக வேண்டும். பார்வை இல்லாத ஒருவர் இதைக் கேட்டால் சிறகென்று சொல்லமாட்டார். யாரோ மூச்சுக்குத் திணறுகிறார்கள் என்றுதான் சொல்வார். இரண்டு பத்தியும் இரண்டு நுரையீரல் என்று ஒரு கிறுக்கு எண்ணம் எனக்கு உண்டு. காசநோய்க்காரரின் கவிதைக்கு அது பொருந்தத்தான் செய்கிறது, ஆனால் பொருந்துவதாலேயே அதை நம்பக் கூடாது. வடிவக் கவிதையின் ஆபத்தே அதுதான். ஒரு உருவத்தைக் கண்டுவிட்டால் பிறகு எல்லாமே உருவமாகத் தெரியத் தொடங்கும்.

என் உறுத்தல் உருவத்தைப் பற்றியது மட்டும் என்றால் எப்போதோ தீர்ந்திருக்கும். என் அத்தை கடைசி நான்கு மாதம் எங்கள் வீட்டு முன்னறையில் படுத்திருந்தார். கையில் இரண்டு தங்க வளையல். கல்யாணத்தன்று போட்டவை, சோப்பு போட்டு இழுத்தாலும் மணிக்கட்டைத் தாண்டாது. இரண்டாம் மாதம் அவை தாமாகவே முழங்கைவரை போய்வந்தன. மூன்றாம் மாதம் ஒரு நாள் தூங்கும்போது கழன்று பாயில் கிடந்தன. சங்கப் பாட்டுகளில் வளை நெகிழ்வதைப் பற்றி எத்தனை முறை பாடம் கேட்டிருக்கிறேன். கழன்ற வளையலைக் கையில் எடுக்கும்போது அதில் உடம்புச் சூடு இருக்கும் என்று எந்த உரையாசிரியரும் சொன்னதில்லை. காலையில் கண் விழித்ததும் அத்தை கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "இன்னைக்கு என்ன கிழமைடா?" சொல்வேன். தலையை ஆட்டுவார். அவ்வளவுதான். அவர் மெலிந்தார், ஒற்றைச் சீர் ஆனார், அதற்குப் பிறகு வரி விரியவில்லை. ஹெர்பர்ட்டின் கவிதையோ குறுகியதெல்லாம் விரியும் என்று காகிதத்திலேயே கோடு போட்டுக் காட்டுகிறது. விழுந்ததே பறப்பதற்கு உதவும், துன்பமே சிறகை முன்னே தள்ளும் என்பது அதன் முடிவு. அது பழைய எண்ணம்தான். ஈஸ்டர் திருவிழிப்பில் கத்தோலிக்கக் கோவில்களில் மெழுகுத்திரி வெளிச்சத்தில் பாடும் பாஸ்கா புகழுரையில் ஆதாமின் குற்றத்தையே பேறு என்று கொண்டாடும் ஓர் இடம் உண்டு. இறையியலாகக் கேட்கும்போது அதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. பாயோரத்தில் உட்கார்ந்து கேட்டால் கோபம் வருகிறது. நடுவில் ஒடுங்கினால்தான் சிறகு என்று முன்பே வரைந்து வைத்திருக்கிறார்கள் என்றால், மெலிந்தவரின் மெலிவு ஓவியத்துக்குத் தேவைப்பட்ட ஒரு வளைவு மட்டும்தானா?

ஹெர்பர்ட்டைத் திட்டியவர்கள் யாரும் இந்தக் காரணத்துக்காகத் திட்டவில்லை. 1650இல் தாமஸ் ஹாப்ஸ், வேண்டாத சிரமத்தை இழுத்துப் போட்டுக்கொண்டு பெயர் வாங்கப் பார்க்கிறார்கள் என்று உருவப் பாட்டுக்காரர்களை மொத்தமாகக் கேலி செய்தார். 1682இல் அச்சான டிரைடனின் அங்கதத்திலும் சிறகுக்கும் பலிபீடத்துக்கும் ஒரு குத்து உண்டு. 1711இல் ஸ்பெக்டேட்டர் இதழில் ஜோசப் அடிசன் இதைப் போலிச் சாதுரியம் என்று வகைப்படுத்தி, ஹெர்பர்ட்டின் பெயரையும் சொல்லிவிட்டார். கிறிஸ்துவுக்கு முன் 300 வாக்கில் ரோட்ஸ் தீவின் சிம்மியாஸ் கிரேக்கத்தில் சிறகும் முட்டையும் கோடரியும் எழுதியது முதல் இது தொடர்ந்து வரும் விளையாட்டு என்பதும் அவர்களுக்குத் தெரியும். இந்தக் குரல் நமக்குப் புதிதில்லை. நாகபந்தம், தேர்பந்தம் என்றதும் நம் விமர்சகர்களின் உதடு சுழிக்கிற விதமும் இதேதான், நானும் சுழித்தவன்தான். சம்பந்தர், திருமங்கையாழ்வார், அருணகிரிநாதர் மூவரும் திருவெழுகூற்றிருக்கை பாடியிருக்கிறார்கள் என்பதை அவர்களுக்கு வந்த ஒரு சிறு சபலமாகவே மன்னித்து வைத்திருந்தேன். ஒன்று, இரண்டு, மீண்டும் ஒன்று. ஒன்று, இரண்டு, மூன்று, மீண்டும் இரண்டு, ஒன்று என்று ஏறி இறங்கி, ஒவ்வொரு சுற்றிலும் ஒருபடி கூடுதலாக ஏறி, ஏழு வரை போகிறது. தேராக வரைந்தால் தட்டுத்தட்டாக விரிகிறது. அங்கே எண்ணிக்கை பெருகிக்கொண்டே போகிறது. ஹெர்பர்ட்டிடம் தேய்ந்து தேய்ந்து ஒன்றுக்கு வருகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து யோசித்துக்கொண்டிருந்தபோது சித்திரகவிக்கு நாம் வைத்திருக்கும் இன்னொரு பெயர் நினைவுக்கு வந்தது. மிறைக்கவி. எழுதுகிறவன் படும் பாட்டை வைத்து வந்த பெயர் என்று எண்ணி விட்டுவிட்டிருந்தேன். மிறை என்றால் வருத்தம், துன்பம். வளைவு என்றும் பொருள் உண்டு. துன்பம் என்ற தலைப்பில் ஐந்து கவிதை எழுதிய மனிதருக்கு, 'ஈஸ்டர் சிறகுக'ளின் கடைசி வரியையே அந்தச் சொல்லால் தொடங்கிய மனிதருக்கு, அவர் கேள்விப்பட்டிராத ஒரு மொழி அவர் செய்த வேலைக்கு அப்படி ஒரு பெயரை எடுத்து வைத்திருக்கிறது.

மிறை பட்டவன் எண்ணிக்கொண்டிருப்பானா என்பது இன்னொரு சந்தேகம். வலியில் கிடப்பவன் அசையையா கணக்கிடுவான்? இது ஒரு நல்ல கேள்வி மாதிரி ஒலிக்கிறது. நோயாளியோடு இருந்தவர்கள் கேட்கமாட்டார்கள். நோயாளிகள் எண்ணிக்கொண்டேதான் இருக்கிறார்கள். மாத்திரையை, சொட்டும் குளுக்கோஸை, உத்தரத்தின் கட்டைகளை, அடுத்த இருமல் வரும்வரை போகும் நொடிகளை. ஜெபமாலை உருட்டுகிறவரின் விரலும் எண்ணுகிறது. எண்ணிக்கை இல்லாமல் கூவுவதுதான் உண்மை, எண்ணிச் சொன்னால் பாசாங்கு என்பது எங்கிருந்தோ நமக்குள் வந்துவிட்டது. ஹெர்பர்ட்டே இந்த ஐயத்தை விடாமல் சுமந்தவர். தொகுப்பின் நடுப்பகுதிக்கு வாசல்போல் நிற்கும் 'பலிபீடம்' என்ற கவிதையும் உருவக் கவிதைதான்; பீடத்தின் தலை, ஒடுங்கிய தண்டு, அகன்ற அடி எல்லாம் உண்டு. ஆனால் சொற்கள் அது உடைந்த பீடம் என்கின்றன, கண்ணீரால் பூசி ஒட்டவைத்தது என்கின்றன. யாத்திராகமத்தில் கடவுள் தமக்குப் பீடம் கட்டினால் உளி படாத கல்லால் கட்டச் சொல்கிறார். ஹெர்பர்ட்டோ ஒவ்வொரு வரியையும் உளியால் செதுக்கி அடுக்கிவிட்டு, இதில் வேலைக்காரனின் கருவி படவில்லை என்று பீடத்தின் வாயாலேயே சொல்ல வைக்கிறார். பார்க்க முழுசு, கேட்க உடைசல். வடிவம் சொல்வதைச் சொல் மறுக்கிறது. அங்கே தெரிந்த இந்தப் பிளவைச் சிறகில் நான் ஏன் தேடவில்லை?

தேடினால் வினைகளில் இருக்கிறது. இரண்டு பத்தியிலும் முதல் பாதி இறந்தகாலம்: படைத்தாய், இழந்தான், தண்டித்தாய், மெலிந்தேன். குறுகுவது நடந்து முடிந்த செய்தி. இரண்டாம் பாதியில் நடந்ததாக ஒன்றுகூட இல்லை. எல்லாம் வேண்டுகோள். எழவிடு, பாடவிடு, சேரவிடு என்கிற தொனிதான் வரிகளை நீட்டிக்கொண்டு போகிறது. கடைசி வரி எதிர்காலம். அதுவும் இரண்டாம் பத்தியில் ஓர் 'ஆல்' விகுதியின் தயவில் நிற்கும் எதிர்காலம். கண் பார்க்கிற சிறகு முழுசாக விரிந்திருக்கிறது. வாக்கியம் இன்னும் அடிமட்டத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்கிறது. அத்தையின் பாயோரத்தில் எனக்கு வந்த கோபம் வடிவத்தின்மேல் வந்தது. கவிதை அந்த வாக்குறுதியைத் தரவே இல்லை, கேட்டது, அவ்வளவுதான். இந்த விளக்கம் எனக்கு ஆறுதலாக இருக்கிறது என்பதால் இதையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் வைத்திருக்கிறேன். ஆனால் நடுவில் ஒட்டி நிற்கும் அந்த இரண்டு ஒற்றைச் சீர்களை விட முடியவில்லை. முதலாவது ஒருவன் எவ்வளவு தேய முடியுமோ அவ்வளவு தேய்ந்ததைச் சொல்கிறது. அடுத்தது, அதே அளவு, ஓர் அசைகூட நீளாமல், கடவுளின் துணையைச் சொல்கிறது. ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு சொல் வேண்டும். தமிழில் முன்னிலைப் பெயரோடு மூன்றாம் வேற்றுமை உருபைச் சேர்த்தால் போதும். உடனிகழ்ச்சி என்று இலக்கணம் சொல்கிற பொருள். வறியவன் அங்கே செல்வனாகிவிடவில்லை, மெலிந்தவன் தேறவுமில்லை. வரியின் நீளம் மாறவே இல்லை. பக்கத்தில் ஆள் வந்திருக்கிறது, அதுதான் மாற்றம். வளை நெகிழும் பாட்டுகளிலும் மெலிவுக்கு மருந்து சோறு கிடையாது.

அந்த 'ஆல்' விகுதி தொங்கும் இடத்தில் ஹெர்பர்ட் வல்லூறு வளர்ப்போரின் ஒரு சொல்லைப் போடுகிறார். அந்தச் சொல்லுக்குப் பழைய பொருள் செடிக்கு ஒட்டுப் போடுவது. வல்லூறுக்காரர்களிடம் அது இறகு ஒட்டுவது ஆயிற்று. பறவையின் சிறகில் இறகு முறிந்தால், முறிந்த தண்டைச் சீராக வெட்டி, முன்பு உதிர்ந்தபோது எடுத்து வைத்த அதே அளவுள்ள இறகை அதில் பொருத்துவார்கள். இரண்டு தண்டுக்குள்ளும் போகும்படி பட்டை வைத்த ஒரு சிறு இரும்பு ஊசி. ஊசியைக் காடியிலோ உப்புநீரிலோ தோய்த்துச் செருகுவார்கள். துருப்பிடித்தால்தான் நன்றாகப் பிடிக்கும். துருவைக் கட்டுமானத்துக்குப் பயன்படுத்துகிற வேறு தொழிலை நான் கேள்விப்பட்டதில்லை. நகத்தைப் போல இறகுத் தண்டுக்கு உணர்வில்லை என்பதால் பறவைக்கு வலிக்காது. அடுத்த முறை இறகு உதிரும்வரை அந்த ஒட்டு தாங்கும். ஒட்டிய சிறகு ஆறிய சிறகு ஆகாது. உள்ளே முறிவு அப்படியே இருக்கிறது, இன்னொன்றின் நீளத்தை இரவல் வாங்கிப் பறக்கிறது. இதில் ஒரு கோணல் வேறு. முறிந்த சிறகில் முழு இறகை ஒட்டுவதுதான் வழக்கம். ஹெர்பர்ட்டின் வாக்கியத்தில் முறிந்தவன் தன் சிறகைக் கொண்டுபோய்க் கடவுளின் சிறகில் ஒட்டுகிறான். அப்படியானால் குறைப்பட்ட சிறகு யாருடையது? சந்தத்துக்காக வந்த புரட்டு என்று கடந்துபோகலாம். சிலுவையில் அறையப்பட்ட ஒருவரைப் பற்றிய நம்பிக்கையில் இதற்குப் பதில் இருக்கிறது என்று ஒரு கிறிஸ்தவ நண்பர் சொன்னார். சொல்லிவிட்டு அவரே சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, அது பதிப்பாசிரியர்களின் கவலை. இரண்டாம் பத்தியில், குறுகியது விரியத் தொடங்கி மூன்றாவதாக வரும் வரியில் ஆங்கிலக் கணக்குப்படி ஆறு அசை இருக்க வேண்டும். 1633 அச்சிலும் அதற்கு முந்தைய அழகான படியிலும் எட்டு இருக்கிறது. சிறகில் ஓர் இறகு மட்டும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கிறது. கூடுதலாக இருப்பது இரண்டு சிறு சொல். இந்த நாளில் என்று பொருள். ஹெர்பர்ட்டின் கைத்திருத்தங்களோடு மிஞ்சியிருக்கும் பழைய படியில் அந்தச் சொற்கள் இல்லை. அங்கே கணக்குச் சரியாக ஆறு. முதல் பத்தியில் இதே சொற்கள் முறையான இடத்தில் வருகின்றன, அதனால் படியெடுத்தவரின் கண் மேலே போய்த் திரும்பி வந்து தவறி எழுதிவிட்டது என்று சொல்லிச் சிலர் அவற்றை நீக்கி அச்சிடுகிறார்கள். நியாயமான வாதம். என் பழைய பாடப்புத்தகத்திலும் நீக்கித்தான் இருந்தது. சிறகு குறையின்றி இருந்தது. கையெழுத்துப் படிகளைப் பற்றிப் பேச எனக்கு எந்தத் தகுதியும் கிடையாது. ஆனாலும் எழுதினவரே பிறகு ஒரு நாள் அந்த வரிக்குத் திரும்பி வந்து, அளவு கெட்டுப்போகும் என்று தெரிந்தே, அதைச் சேர்த்திருக்கலாம் என்ற எண்ணத்தை என்னால் விட முடியவில்லை. எப்போதாவது போதும் என்றால் ஆறு அசையில் கேட்டுவிடலாம். இன்னைக்கு வேண்டும் என்றால் இடம் பற்றாது.